பல சப்வெர்ஷன் புராஜெக்ட்டுகள் ஒரே கிட் ரெப்போவாகும்போது பழைய வரலாறு என்னவாகிறது?

சப்வெர்ஷனும் கிட்டும், நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவிகள். அப்படிப் பதியும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்; அவையெல்லாம் சேர்ந்திருக்கும் கிடங்கு ரெப்போ. மூன்று சப்வெர்ஷன் புராஜெக்ட்டுகளை ஒரே கிட் ரெப்போவுக்குள் கொண்டுவர அரை மணி நேரம் போதும். ஒவ்வொன்றின் கடைசி நிலையையும் எடுத்து மூன்று ஃபோல்டராகப் போட்டு, ‘முதல் கமிட்’ என்று எழுதிப் பதிந்துவிட்டால் முடிந்தது. மென்பொருள் மறுநாளும் ஓடும். வாடிக்கையாளருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பழைய வரலாறு வேண்டுமென்றால் சப்வெர்ஷன் சர்வர்தான் மூலையில் இருக்கிறதே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்.

கும்பகோணத்தில் நாங்கள் நடத்தும் சிறு மென்பொருள் அலுவலகத்தில் இந்தப் பேச்சு எழுந்தபோது நான் பிடிவாதமாக வேண்டாம் என்றேன். எங்களிடம் வேலை பழகும் பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் அது வழக்கம்தான். சந்தோஷமாகவே அனுப்பி வைக்கிறோம். ஆனால் அவர்கள் எழுதிய நிரல் இங்கேயே இருக்கும். ஒரு நிபந்தனையை ஏன் அப்படி எழுதினார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. கமிட் போடும்போது எழுதி வைத்த ஒன்றரை வரிக் குறிப்பு மட்டும்தான் மிச்சம். அது நிரலின் வரியோடு ஒட்டியிருந்தால் அடுத்து வருபவர் படிப்பார். மூலையில் இருக்கும் சர்வரை ஆறு மாதத்துக்கு அப்புறம் யாரும் திறக்கமாட்டார்கள்.

ஒரு தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடந்த நேரம். நீடாமங்கலம் பக்கத்து ரைஸ் மில் ஒன்றின் கணக்குப்பிள்ளை போன் செய்தார். “தம்பி, ஈரப்பதம் பதினேழுக்கு மேல போனா கழிவு போடுறது சரி. இப்ப சரியா பதினேழு இருந்தாலே போடுதே? போன வருஷம் இப்படி இல்லையே” என்றார். “பாத்துட்டுக் கூப்பிடுறேன் ஐயா” என்று வைத்தேன். அரசு கொள்முதலில் நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மில்லுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பில் போடும் மென்பொருளிலும் அந்த எண்தான் எல்லை. நிரலைத் திறந்தால், ‘மேல்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சமம் அல்லது மேல்’ என்று இருந்தது. மாற்றியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் எழுதிய குறிப்பு இவ்வளவுதான்: ‘ரிவிஷன் 1842-இல் செய்ததைத் திருப்பி எடுத்தேன்.’ ரிவிஷன் என்பது சப்வெர்ஷன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரும் எண். அந்த 1842 எது என்று பார்த்தால், பில்லிங் புராஜெக்ட்டில் நடந்த மாற்றம். அந்த நிரல் வரி இப்போது இருப்பதோ, பல புராஜெக்ட்டுகள் பகிர்ந்துகொள்ளும் பொது லைப்ரரியில். இடையில் அந்த ஃபைல் ஒரு புராஜெக்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகியிருந்தது. சப்வெர்ஷனில் எண்ணைப் பிடித்துக்கொண்டே போய் ஐந்து நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

கிட்டுக்குப் போன பிறகும் இதே கேள்விக்கு இதே வேகத்தில் பதில் கிடைக்க வேண்டும். இடமாற்றத்தில் எடுத்த ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியில் உரசித்தான் பார்த்தோம்.

வரிசை எண்ணும் தாய்ப்பத்திரமும்

சப்வெர்ஷனை கொலாப்நெட் நிறுவனம் 2000-இல் தொடங்கியது. அதுவரை பரவலாக இருந்த சிவிஎஸ் என்ற அதே வகைக் கருவியின் குறைகளைச் சரிசெய்வதுதான் நோக்கம். 1.0 பதிப்பு 2004 பிப்ரவரியில் வந்தது. 2010-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முழுத் திட்டமானது. கிட், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வேலைக்காக எழுதத் தொடங்கியது. வயதில் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் ‘ஒரு மாற்றம்’ என்றால் என்ன என்பதில் இரண்டும் வேறு வேறு ஊர்.

சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எல்லைக்குள் எந்த கிராமத்துப் பத்திரம் பதிவானாலும் அந்த ஆண்டின் வரிசை எண் ஒன்று கூடும். சப்வெர்ஷன் ரிவிஷன் எண்ணும் அப்படித்தான். ஆண்டுக்கு ஆண்டு புதிதாகத் தொடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். ரெப்போ முழுவதற்கும் ஒரே வரிசை. பில்லிங்கில் 1842, லைப்ரரியில் 1843, மறுபடி பில்லிங்கில் 1844. புராஜெக்ட்டுகளைத் தாண்டி எது முதலில் நடந்தது, எது அப்புறம் நடந்தது என்ற தகவல் இந்த எண்களிலேயே இருக்கிறது. பின்னால் இது பெரிய விஷயமாகப் போகிறது.

கிட் கமிட் வேறு மாதிரி. கிரயப் பத்திரத்தைப் பிரித்தால், இன்ன ஆண்டு இன்ன எண் பத்திரப்படி எனக்குப் பாத்தியப்பட்டது என்று முந்தைய பத்திரத்தைக் குறிப்பிட்டிருப்பார்கள். கிட் கமிட்டுக்குள்ளும் அதன் தாய் கமிட்டின் பெயர் இருக்கிறது. அதோடு, அந்த நேரத்தில் ஃபோல்டர் முழுவதும் எப்படி இருந்தது என்ற நிலை, எழுதியவர் பெயர், தேதி, குறிப்பு. இத்தனையையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும் 40 எழுத்துச் சரம்தான் அந்தக் கமிட்டின் பெயர். பழைய கமிட் ஒன்றில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதன் பெயர் மாறும். அதைத் தாயாகக் காட்டிய அடுத்த கமிட்டின் பெயரும் மாறும். அப்படியே கடைசி வரை. பத்திரத்தில் பிழை இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம். கிட்டில் பழைய கமிட்டைத் தொட்டால் அதற்குப் பின் வந்த எல்லாப் பத்திரத்தையும் மறுபடி எழுத வேண்டும். அதனால் ஆள்பெயர், ஃபோல்டர் அமைப்பு, நேரம் இதெல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்பதை, புது ரெப்போவை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

இன்னொரு வேறுபாடு. சப்வெர்ஷனில் முதன்மை நிரலுக்கான டிரங்க், தனியாகப் பிரித்து வேலை செய்யும் கிளைகளுக்கான பிராஞ்சஸ், ஒரு நிலைக்குப் பெயரிட்டு வைக்கும் டேக்ஸ் மூன்றும் சாதாரண ஃபோல்டர்கள். வழக்கத்தால்தான் அவற்றுக்கு அர்த்தம் வந்தது. ஒரு ஃபோல்டரை நகலெடுத்தால் அது பிராஞ்ச். தொடாமல் விட்டால் டேக். ரெப்போவின் எந்த உள் ஃபோல்டரை வேண்டுமானாலும் தனியாக எடுத்து வேலை செய்யலாம் என்பதால் ஒரே ரெப்போவில் பத்து புராஜெக்ட் இருந்தும் யாருக்கும் இடைஞ்சல் வராது. கிட்டில் பிராஞ்சும் டேக்கும் ரெப்போ முழுவதற்குமானவை. பில்லிங்குக்கு மட்டும் ஒரு பிராஞ்ச் என்று எதுவும் இல்லை. சேர்க்கும்போது வரும் குழப்பத்தில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பதுதான்.

சேர்க்கத்தான் வேண்டுமா?

பொது லைப்ரரி இருக்கிறதா, அதில் ஒரு மாற்றம் செய்தால் மற்ற புராஜெக்ட்டுகளிலும் அதே நாளில் மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறதா? ஆம் என்றால் சேர்ப்பது நல்லது. சப்வெர்ஷனில் இதற்கு எக்ஸ்டர்னல்ஸ் என்ற வசதியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம்: ‘இந்த ஃபோல்டருக்குள் அந்த லைப்ரரியின் இன்ன ரிவிஷனைக் கொண்டுவந்து வை’ என்று ஒரு குறிப்பு. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தபோது, லைப்ரரியில் வரிக் கணக்கை மாற்றிவிட்டு, பில்லிங்கில் எக்ஸ்டர்னல்ஸ் எண்ணை உயர்த்த மறந்து, ஒரு உரக்கடையில் பழைய வாட் கணக்கிலேயே பில் அடித்த அனுபவம் எங்களுக்கு உண்டு. இரண்டும் ஒரே கமிட்டில் மாறியிருந்தால் அந்தத் தவறுக்கு இடமே இல்லை.

இந்த வழியில் போன பெரிய உதாரணம், கம்பைலர் (நிரலைக் கணினிக்குரிய மொழிக்கு மாற்றும் மென்பொருள்) கட்டுவதற்கான எல்எல்விஎம் திட்டம். கிளாங் கம்பைலர் உள்பட அதன் பல புராஜெக்ட்டுகள் ஒரே சப்வெர்ஷன் ரெப்போவில் தனித்தனி டிரங்க்குகளாக இருந்தன. தனித்தனி கிட் ரெப்போவா, ஒரே ரெப்போவா என்று நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் ஒரே ரெப்போ என்று முடிவாகி, 2019 அக்டோபரில், கிட் ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்புக்கு மாறினார்கள். பழைய கமிட் ஒவ்வொன்றின் அடியிலும் அதன் பழைய சப்வெர்ஷன் எண்ணை ஒரு வரியாக விட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் அவர்களிடம் கற்ற முதல் பாடம் அந்த ஒரு வரிதான்.

சேர்க்கக் கூடாத இடமும் உண்டு. சப்வெர்ஷனில் ஃபோல்டர் வாரியாக அனுமதி கொடுக்கலாம். இவர் இதைப் படிக்கலாம், அதைப் படிக்கக் கூடாது என்று. கிட்டில் ரெப்போவை எடுத்தவர் கையில் எல்லாமே வந்துவிடும், பழைய வரலாறு உள்பட. ஒரு வாடிக்கையாளருக்காக மட்டும் எழுதிய நிரலை மற்றவர் பார்க்கக் கூடாது என்ற ஒப்பந்தம் இருந்தால் அதைத் தனியாகவே வைத்துவிடுங்கள். இதில் இரண்டாம் பேச்சே கிடையாது.

கூடுதுறையா, ஒரே கோடா?

சேர்ப்பதென்று முடிவானதும் கருவிகளைத் தேடிப் போவதுதான் வழக்கம். அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: சேர்ந்த வரலாறு எந்த வடிவத்தில் இருக்கப் போகிறது?

டெல்டாக்காரர்களுக்கு ஆறு பிரிவது பழக்கமான காட்சி. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகின்றன. கிட்டில் பிராஞ்ச் என்பது இந்தக் காட்சி: எல்லாக் கிளைக்கும் ஊற்று ஒன்றே. பல புராஜெக்ட்டுகளைச் சேர்ப்பதற்கான காட்சியைப் பார்க்க மேற்கே பவானி வரை போக வேண்டும். காவிரி தலைக்காவிரியில் பிறக்கிறது, பவானி ஆறு நீலகிரியில் பிறக்கிறது, கூடுதுறையில் சேர்கின்றன. அதற்கு மேலே இரண்டுக்கும் பொதுவான சொட்டுத் தண்ணீர் கிடையாது.

முதல் வடிவம் இந்தக் கூடுதுறை. ஒவ்வொரு புராஜெக்ட்டையும் தனித்தனி கிட் ரெப்போவாக மாற்றி, அதனதன் ஃபோல்டருக்குள் தள்ளி, கடைசியில், வரலாறுகளை இணைக்கும் மெர்ஜ் கமிட் ஒன்றில் சேர்த்துவிடுவது. கிட் இதை மறுக்காமல் ஏற்கும். ஒரு ரெப்போவுக்குப் பல முதல் கமிட்டுகள் இருக்கலாம். 2016 ஜூனில் வந்த 2.9 பதிப்பிலிருந்து மட்டும், தொடர்பே இல்லாத இரண்டு வரலாறுகளை மெர்ஜ் செய்யச் சொன்னால் முதலில் நிறுத்திவிடும். தெரியாமல் செய்துவிடக் கூடாதே என்பதற்காக. ‘அலோ அன்ரிலேட்டட் ஹிஸ்டரீஸ்’ என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் சேர்க்கும்.

இதில் இழப்பு ஒன்று இருக்கிறது. கூடுதுறைக்கு மேலே பவானிக் கரையில் நின்றால் காவிரி தெரியாது. அதேபோல் 2013-ஆம் ஆண்டு பில்லிங் கமிட் ஒன்றை எடுத்தால் அங்கே லைப்ரரி ஃபோல்டரே இருக்காது. அன்றைய மென்பொருளை அன்றைய நிலையில் கட்டிப் பார்க்க முடியாது. தவறு எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று பாதி பாதியாக வெட்டித் தேடும் பைசெக்ட் வசதி, சேர்ப்புக்கு முந்தைய காலத்தில் அவ்வளவாக உதவாது.

இரண்டாவது வடிவம், எல்லா மாற்றங்களையும் நடந்த வரிசையில் ஒரே கோட்டில் கோப்பது. 1842 பில்லிங், 1843 லைப்ரரி, 1844 பில்லிங் என்று. எந்தக் கமிட்டை எடுத்தாலும் அன்று எல்லா புராஜெக்ட்டுகளும் எப்படி இருந்தனவோ அப்படியே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எல்எல்விஎம் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

எங்கள் கணக்குப்பிள்ளை கேட்ட கேள்விக்கு இந்த இரண்டும் ஒரே பதிலைத் தருவதில்லை. ஃபைல் நகலானதை சப்வெர்ஷன் எழுதி வைத்துக்கொள்ளும்: இந்த ஃபைல் இன்ன இடத்தின் இன்ன ரிவிஷனிலிருந்து வந்தது என்று. கிட் அப்படி எதையும் எழுதி வைப்பதில்லை. கேட்கும்போது, ஒரு கமிட்டையும் அதன் தாயையும் ஒப்பிட்டு, இந்த வரிகள் அந்த ஃபைலிலிருந்து வந்தவை போலிருக்கிறதே என்று கண்டுபிடிக்கும். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று காட்டும் பிளேம் கட்டளையோடு, ஆங்கிலப் பெரிய எழுத்து சி விருப்பத்தை இரண்டு முறை கொடுத்தால், புதிதாகப் பிறந்த ஃபைலின் வரிகள் அதே நேரத்தில் இருந்த வேறு ஃபைல்களில் இருந்தனவா என்றும் தேடும். அது தேடுவது தாய் கமிட்டில். ஒரே கோடாகக் கோத்திருந்தால், லைப்ரரி பிறந்த கமிட்டின் தாயில் பில்லிங் ஃபோல்டர் இருக்கும். தேடல் பில்லிங்குக்குள் போய் 1842-ஐத் தொடும். கூடுதுறையாகச் சேர்த்திருந்தால், லைப்ரரியின் முதல் கமிட்டுக்குத் தாயே கிடையாது. தேடல் அங்கேயே முட்டி நின்றுவிடும்.

ஆக, ஒரே சப்வெர்ஷன் ரெப்போவில் சேர்ந்து வாழ்ந்த புராஜெக்ட்டுகளை ஒரே கோடாகக் கோக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றுக்கிடையே உண்மையான வரிசை இருக்கிறது; அதைத் தூக்கி எறியக் காரணமே இல்லை. வேறு வேறு சப்வெர்ஷன் ரெப்போக்களில் வளர்ந்தவற்றுக்குக் கூடுதுறை போதும். தேதியை வைத்து அவற்றையும் கோத்துவிடலாம்தான். ஆனால் அப்போது கிடைக்கும் ஒவ்வொரு இடைநிலையும் யார் கணினியிலும் ஒருநாளும் இருந்திராத ஒரு கலவை. எக்ஸ்டர்னல்ஸில் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் இது உண்மைக்கு மாறான சாட்சியாகிவிடும்.

எங்களிடம் இரண்டு வகையும் இருந்தன. பில்லிங்கும் லைப்ரரியும் ஒரே சப்வெர்ஷன் ரெப்போ. எடைமேடையிலிருந்து எடையை வாங்கும் நிரல் தனி ரெப்போ. அதைத் தொடங்கியவர் வேறு. முதல் இரண்டையும் கோத்தோம், மூன்றாவதைக் கூடுதுறையில் சேர்த்தோம்.

வேலை எப்படி நடக்கிறது

சப்வெர்ஷன் சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக நேரடியாக இழுக்காதீர்கள். சப்வெர்ஷன் வரலாற்றைக் கிட்டாக மாற்றும் கிட் எஸ்விஎன் கருவி ஒவ்வொரு ரிவிஷனாகக் கேட்டு வாங்கும். பல வருட வரலாறு என்றால் பொறுமை போய்விடும். எஸ்விஎன் சிங்க் கருவியை வைத்தோ, ரெப்போவை ஒரே ஃபைலாகக் கொட்டும் டம்ப் எடுத்தோ முழு ரெப்போவின் நகலை உங்கள் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு அதிலிருந்து மாற்றுங்கள். நான்கைந்து முறை ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கும், அதனால் இது மிக அவசியம்.

அடுத்து ஆள்பெயர்கள். சப்வெர்ஷனில் வெறும் லாகின் பெயர். கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். எந்த லாகின் யார் என்று ஒரு ஃபைலில் எழுதித் தர வேண்டும். பட்டியலில் இல்லாத ஒருவர் வரலாற்றில் வந்தால் கிட் எஸ்விஎன் அங்கேயே நின்றுவிடும். அது நல்லதுதான். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து இந்தப் பட்டியலை எழுதினோம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேலை பார்த்த பையனின் லாகின் யாருடையது என்று நினைவுபடுத்திக்கொண்டதும், அவனுக்கே போன் செய்து பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டதும் இந்த வேலையின் நல்ல பகுதி. மின்னஞ்சல் மட்டும் எல்லோருக்கும் அலுவலக முகவரியையே போட்டோம். வேலையை விட்டுப் போனவரின் சொந்த முகவரியை, மாற்ற முடியாத ஒரு வரலாற்றுக்குள் அவர் அனுமதி இல்லாமல் பதித்து வைப்பது சரியில்லை.

நேரத்தையும் இப்போதே பாருங்கள். கிட் எஸ்விஎன் இயல்பாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைப் போடும். காலை 10 மணிக்குப் போட்ட கமிட் 4:30 என்று தெரியும். உள்ளூர் நேரம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

கோப்பதற்கு நாங்கள் பயன்படுத்தியது, கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தார் தங்கள் இடமாற்றத்துக்குப் பயன்படுத்திய எஸ்விஎன் ஆல் ஃபாஸ்ட் எக்ஸ்போர்ட். சப்வெர்ஷன் ரெப்போவை டிஸ்க்கிலிருந்தே படிக்கும் என்பதால் வேகம் அதிகம். எந்தப் பாதையில் வரும் மாற்றம் எந்த ரெப்போவுக்கு, எந்த பிராஞ்சுக்கு, எந்த ஃபோல்டருக்குள் போக வேண்டும் என்று விதிகள் எழுத வேண்டும். பில்லிங்கின் டிரங்க்கும் லைப்ரரியின் டிரங்க்கும் ஒரே பிராஞ்சுக்கு, ஆனால் வேறு வேறு ஃபோல்டருக்கு. ஏதாவது ஒரு பாதைக்கு விதி இல்லையென்றால் அது நின்று கேட்கும். யாரோ 2009-இல் தவறிப்போய் மேல் ஃபோல்டரில் போட்டுவிட்டு மறுநாள் நகர்த்திய ஃபைல்களெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஜிசிசி என்ற கம்பைலர் திட்டம் 2020 ஜனவரியில் கிட்டுக்கு மாறியபோது எரிக் ரேமண்ட் எழுதிய ரெப்போசர்ஜனைப் பயன்படுத்தினார்கள். அது இன்னும் நுணுக்கமானது. எங்கள் அளவுக்கு அது தேவைப்படவில்லை.

எடைமேடை நிரலுக்கு கிட் எஸ்விஎன் போதுமாக இருந்தது. மாற்றிய பின் அதை ‘எடைமேடை’ ஃபோல்டருக்குள் தள்ள வேண்டும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். எல்லா ஃபைலையும் ஒரே கமிட்டில் நகர்த்திவிடலாம். அப்படிச் செய்தால் வரலாறு உள்ளே இருக்கும், ஆனால் ஃபோல்டர் பெயரைச் சொல்லி லாக் (கமிட் பட்டியல்) கேட்டால் நகர்த்திய கமிட்டோடு நின்றுவிடும். இடம் மாறிய ஃபைலைப் பின்தொடரும் ஃபாலோ விருப்பம் ஒரு நேரத்தில் ஒரு ஃபைலுக்குத்தான் வேலை செய்யும். இரண்டாவது, கிட் ஃபில்டர் ரெப்போ கருவியின் ‘டு சப்டைரக்டரி ஃபில்டர்’. முதல் கமிட்டிலிருந்தே அந்த ஃபைல்கள் அந்த ஃபோல்டருக்குள் பிறந்தது போல முழு வரலாற்றையும் திரும்ப எழுதிவிடும். எல்லாக் கமிட்டின் பெயரும் மாறும். புது ரெப்போவை இன்னும் யாரும் எடுக்கவில்லை, அதனால் கவலையில்லை. பழைய ஃபில்டர் பிராஞ்ச் கட்டளையைத் தொட வேண்டாம். அதை ஓட்டினால் கிட்டே வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

டேக் பெயர்களையும் இந்தச் சமயத்திலேயே கவனிக்க வேண்டும். இரண்டு ரெப்போவிலும் ‘2.3’ என்று ஒரு டேக் இருந்தது. ஃபில்டர் ரெப்போவிடம் சொல்லி முன்னால் புராஜெக்ட் பெயரைச் சேர்த்துக்கொண்டோம். தவிர, கிட் எஸ்விஎன் சப்வெர்ஷன் டேக்குகளை ரிமோட் பிராஞ்சுகளாகத்தான் (வேறு ரெப்போவின் கிளைகளாக) கொண்டுவரும். அவற்றை உண்மையான டேக்காக மாற்றுவது நம் வேலை.

கமிட் குறிப்பின் அடியில் கிட் எஸ்விஎன் சேர்க்கும் பழைய எண் வரியை, பார்க்க அழகாக இல்லை என்று பலர் நீக்கிவிடுவார்கள். நீக்காதீர்கள். ‘1842-இல் செய்ததைத் திருப்பி எடுத்தேன்’ என்ற குறிப்புக்கு அந்த வரி இல்லாமல் பொருளே இல்லை. ஃபாஸ்ட் எக்ஸ்போர்ட்டிலும் இதேபோல் எண்ணைச் சேர்க்கும் விருப்பம் இருக்கிறது.

தமிழ் ஃபைல் பெயர்கள்

எங்கள் ரசீது மாதிரிகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தோம்: ‘கழிவு’, ‘எடைச்சீட்டு’ என்று. மாற்றிய பிறகு கிட்டிடம் ஃபைல்களின் நிலவரம் கேட்டால் பெயருக்குப் பதில் சாய்கோடும் எண்களுமாக வந்தது: 340, 256, இன்னொரு எண், மறுபடி 340, 256. பெயர்கள் கெட்டுவிட்டன என்று கூட இருந்த தம்பி பதறிப்போனான். ஒன்றும் கெடவில்லை. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் எட்டடிமான எண்ணில் 340, அடுத்தது 256 அல்லது 257. ஆங்கிலம் அல்லாத பைட்டுகளை கிட் இப்படித்தான் காட்டும். கோட்பாத் என்ற அமைப்பை அணைத்ததும் ‘எடைச்சீட்டு’ முழுசாக வந்து நின்றது.

ஃபைலுக்கு உள்ளே இருக்கும் தமிழ் வேறு கதை. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளையும் 2010-இல் யூனிகோடையும் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்து லேபிள் ஃபைல்கள் பழைய குறியீட்டில் இருக்கலாம். வரலாற்றைத் திரும்ப எழுதும்போதே அவற்றையும் யூனிகோடாக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பழைய பிரிண்டருக்கு அன்று போனது அந்தப் பைட்டுகள்தான். இடமாற்றம் முடிந்த பின் ஒரு தனிக் கமிட்டில் மாற்றிக்கொள்ளுங்கள்.

காலி ஃபோல்டர்களை கிட் வைத்துக்கொள்ளாது. பில் பிடிஎஃப் போய் விழும் ‘வெளியீடு’ ஃபோல்டர் இல்லாமல் எங்கள் நிரல் முதல் நாளே நின்றது. உள்ளே ஒரு வெற்று ஃபைலைப் போட்டு வைத்தோம். பழைய செட்டப் ஃபைல்கள், டேட்டாபேஸ் பேக்கப் போன்ற பெரிய ஃபைல்கள் வரலாற்றில் இருந்தால் அவற்றை நீக்குவதற்கும் இதுதான் நேரம். கிட்டில் ரெப்போவை எடுக்கும் ஒவ்வொருவரும் முழு வரலாற்றையும் சுமக்க வேண்டியிருக்கும்.

சரிபார்ப்பும் நாளும்

சரிபார்க்காமல் பழையதைப் பூட்டக் கூடாது. ஒவ்வொரு டேக்குக்கும் சப்வெர்ஷனிலிருந்து ஒரு எக்ஸ்போர்ட், கிட்டிலிருந்து அதே டேக். இரண்டு ஃபோல்டரையும் ஒப்பிடுங்கள். சப்வெர்ஷன் எக்ஸ்போர்ட்டில் ஃபைலுக்குள் ரிவிஷன் எண், தேதி போன்றவற்றைத் தானாக நிரப்பும் ஐடி, டேட் போன்ற கீவேர்டுகளை விரிக்காமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லா ஃபைலும் மாறியிருப்பது போலத் தெரியும். எங்களுக்கு முதல் ஒத்திகையில் இரண்டு டேக் பொருந்தவில்லை. டேக் போட்ட பிறகு யாரோ அதற்குள்ளேயே ஒரு ஃபைலைத் திருத்தியிருந்தார்கள். சப்வெர்ஷனில் டேக் வெறும் ஃபோல்டர்தானே, தடுக்க ஒன்றுமில்லை. அந்தத் திருத்தத்தோடு கூடிய நிலையைத்தான் வாடிக்கையாளர் வாங்கிப் போயிருந்தார் என்பதால் கிட் டேக்கையும் அதற்கே வைத்தோம்.

நாள் குறிப்பதில் ஊர்க் கணக்கு முக்கியம். சம்பா, தாளடி அறுவடை ஓடும் தை முதல் பங்குனி வரை எங்கள் வாடிக்கையாளர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. குறுவை அறுவடை வரும் புரட்டாசி, ஐப்பசியும் அப்படித்தான். சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்து, மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு வெகுநாள் முன்பாக, ஒரு சனிக்கிழமை மாலை சப்வெர்ஷனைப் படிக்க மட்டும் என்று பூட்டினோம். கடைசி டம்ப் எடுத்தோம். ஒத்திகையில் எழுதி வைத்த அதே விதிகளை மறுபடி ஓட்டினோம். ஞாயிறு மதியத்துக்குள் மூன்றும் ஒரே ரெப்போவில் இருந்தன. டம்ப் ஃபைலை இரண்டு டிஸ்க்கில் போட்டு, விதிகள் எழுதிய ஃபைலையும் ஆள்பெயர்ப் பட்டியலையும் புது ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறோம்.

அன்று மாலை முதல் வேலையாக லைப்ரரியின் ஈரப்பத ஃபைலைத் திறந்து, பெரிய சி இரண்டு முறை போட்டு பிளேம் கேட்டேன். திருப்பி எடுத்தவரின் கமிட் வந்தது. அதன் தாயில் நின்று மறுபடி கேட்டேன். ஃபைல் பெயர் பில்லிங் என்று மாறியது, அடியில் 1842 என்ற எண்ணும், சென்னைக்குப் போய்விட்ட பையனின் பெயரும், அவன் எழுதிய குறிப்பும்: ‘மில்லில் உள்ள மீட்டர் 16.6-ஐயும் 17 என்றே காட்டுகிறது. சரியாக 17 என்றால் கழிவு வேண்டாம்.’